மூன்று விரல் உயரம்

1

ஹாலந்துக்கு வந்து இறங்கிப் பதினான்கு வருஷம் நிறைந்த அன்றைக்கு, என் மகளின் இடது கையை எக்ஸ்ரே எடுத்தார்கள். அவள் எங்கேயும் விழவில்லை, எலும்பும் முறியவில்லை. இன்னும் எவ்வளவு உயரம் வளருவாள் என்று தெரிந்துகொள்வதற்காக எடுத்த படம் அது. மணிக்கட்டில் எலும்பு முனைகள் எந்த அளவுக்கு மூடியிருக்கின்றன என்று பார்த்தால் கடைசி உயரத்தை ஓரளவு சொல்லிவிடலாமாம். நம் பக்கத்தில் இப்படி ஒரு சோதனையைப் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை.

மலர்க்கொடிக்கு அப்போது பன்னிரண்டு வயது. உயரம் ஒரு மீட்டர் எழுபத்தேழு. நம் கணக்கில் ஐந்தடி பத்து அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. பள்ளிக்கூடத்து டாக்டர் பார்த்துவிட்டுப் பெரிய டாக்டரிடம் போகச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தார். பெரிய டாக்டர் நல்ல மனிதர். படத்தை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டி, ஒப்பிட்டுப் பார்த்தார்.

"ஒரு மீட்டர் தொண்ணூற்று மூன்று வரை போகலாம். பெண் பிள்ளைக்கு அது அதிகம் என்று நினைத்தால் மாத்திரை இருக்கிறது. இரண்டு வருஷம் சாப்பிட்டால் எலும்பு முனைகள் சீக்கிரம் மூடிக்கொள்ளும். இங்கே நிறையப் பெண்களுக்குக் கொடுக்கிறோம். வீட்டில் பேசிவிட்டு மூன்று வாரம் கழித்து வாருங்கள்" என்றார்.

இவ்வளவையும் அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். மலர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தன் கை எலும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சம்மதப் படிவத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சாயங்காலம் சமையலறை மேஜையில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

என் உயரம் ஆறடி பத்து அங்குலம். கூடைப்பந்து ஆடிச் சம்பளம் வாங்கியவன் நான். இந்த வீடு, இந்த மேஜை, அதன்மேல் இருக்கும் சோறு எல்லாமே அந்த உயரம் சம்பாதித்துக் கொடுத்தது. அப்படிப்பட்டவன் தன் மகளின் வளர்த்தியை நிறுத்தச் சொல்லி ஏன் கையெழுத்துப் போட்டான், பிறகு என்ன நடந்தது என்பதை நம்மூர்க்காரர்களுக்குச் சொல்லலாம் என்று தோன்றியது.

2

எனக்குச் சொந்த ஊர் போடிக்குப் பக்கத்தில் சிலமலை. பேர் சென்றாயன். பதினைந்து வயதில் என் ஐயாவைத் தாண்டினேன். பதினேழில் வீட்டு வாசல் நிலை நெற்றியில் இடித்தது. ஆத்தா பயந்துபோய் போடியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனாள். அவர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பூச்சி மருந்து கொடுத்தார். மூன்று நாள் வயிற்றால் போனது. அந்த மாசமும் ஓர் அங்குலம் வளர்ந்தேன்.

ஐயாவுக்கு இருந்த சோளக்காடு எல்லாருக்கும் போதாது. அதனால் போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் வேலைக்குப் போனேன். ஏலச்செடியைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். செடி ஆளைத் தாண்டி வளரும். ஆனால் காய் மட்டும் அடித்தூரில், மண்ணை ஒட்டித்தான் காய்க்கும். காய் எடுக்கிறவர்கள் நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். சின்ன உடம்புக்காரப் பெண்கள் செடிக்குச் செடி சரசரவென்று நகர்ந்து போவார்கள். நான் இரண்டாக மடங்கி, முழங்காலைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர்கள் ஒரு கூடை நிரப்புவதற்குள் கால் கூடை எடுப்பேன்.

கங்காணி வருஷக்கணக்கில் மலையிலேயே இருந்தவர். பாதிப் பேச்சு மலையாளம். "எடா சென்றாயா, நீ காய் எடுக்குறியா, செடிக்குக் கும்பிடு போடுறியா?" என்று கேட்பார். பெண்கள் சிரிப்பார்கள். ஒரு வாரத்தில் என்னை லோடு ஏற்றுகிற வேலைக்கு மாற்றிவிட்டார்.

மூட்டைகளோடு ஜீப்பில் போடிக்கு இறங்குவேன். ஜீப்புக்குள் உட்கார முடியாது. பின்னால் நின்றுகொண்டே, கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே வருவேன். போடியில் கமிஷன் மண்டி வாசலில்தான் என் தலையெழுத்து மாறியது. ஏலக்காய் வாங்க வந்திருந்த மதுரைக்காரர் ஒருவர், லாரியின் மேலடுக்கில் நான் ஏணி இல்லாமல் மூட்டை வைப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மதுரையில் ஒரு நூல் மில்லில் அதிகாரி அவர். அந்த மில்லுக்கு ஒரு கூடைப்பந்து அணி இருந்தது.

"தம்பி, மதுரைக்கு வர்றியா? மில்லுல வேலை போட்டுத் தர்றேன்" என்றார்.

"என்ன சோலிங்கய்யா?"

"பந்தைக் கூடைக்குள்ள போடணும்."

"அதுக்குச் சம்பளமாங்கய்யா?"

"ஆமாப்பா."

"கூடை எங்கங்க இருக்கும்?"

"பத்தடி உசரத்துல."

"கீழ எறக்கி வச்சா இன்னும் வெரசாப் போடலாமேங்கய்யா" என்றேன்.

கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் எனக்குத் தோன்றியது. அவர் சிரித்த சிரிப்பில் மண்டியே திரும்பிப் பார்த்தது.

3

மதுரை மில்லில் என்னைப் பிட்டர் உதவியாள் என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டார்கள். காலையில் இரண்டு மணி நேரமும் சாயங்காலம் இரண்டு மணி நேரமும் மைதானம். ஆட்டம் புரிய ஒரு வருஷம் ஆனது. ஆனால் முதல் நாளே ஒன்று புரிந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கூட்டம் என்னைப் பார்த்து, "நிமிர்ந்து நில்லுடா" என்று கத்தியது. வீட்டில், பஸ்சில், தோட்டத்தில் எல்லா இடத்திலும் குனி, குனி என்றுதான் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு வார்த்தைக்காகவே எனக்கு அந்த ஆட்டத்தைப் பிடித்துப்போனது. இன்றுவரை பிடிக்கும்.

எழுபத்து நான்காம் வருஷம் ஹாலந்திலிருந்து ஒரு குழு நட்பு ஆட்டம் ஆடச் சென்னைக்கு வந்தது. எங்கள் மில் அணியும் போயிருந்தது. நாங்கள் தோற்றோம். ஆனால் ஊருக்குத் திரும்பிய இரண்டாம் மாதம் அவர்களிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. வடக்கே கடலோரத்தில் ஒரு சின்ன ஊர், சின்னக் குழு. ஒரு சீசனுக்கு வந்து ஆடிப் பார்க்கிறாயா என்று கேட்டிருந்தார்கள்.

பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் அடித்துக் கொடுத்தவர், வேப்பமரத்தடியில் டைப்ரைட்டர் வைத்திருந்த ஒரு பெரியவர். உயரம் என்ற இடத்தில் ஆறடி பத்து என்று சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்க்காமலே அடித்தார். பத்தில் சைபர் விழவில்லை. ஆறடி ஒன்று என்று விழுந்துவிட்டது. நானும் பார்க்கவில்லை. அந்த உயரத்தோடுதான் புத்தகம் வந்து சேர்ந்தது.

ஆம்ஸ்டர்டாமில் இறங்கியபோது கண்ணாடிக் கூண்டில் இருந்த அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். பிறகு கூண்டை விட்டு வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார். அவர் தலை என் தோளுக்குச் சற்று மேலே நின்றது.

"ஆறடி ஒன்று என்பது நான். நீ யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பையிலிருந்து குழுவின் கடிதத்தை எடுத்து நீட்டினேன். அவர் படித்தார், சிரித்தார், முத்திரை குத்தினார். பின்னால் நின்ற வரிசை முழுக்க ஆறடிக்காரர்கள். ஒருவரும் என்னை அதிசயமாகப் பார்க்கவில்லை. எப்போதடா நகருவான் என்றுதான் பார்த்தார்கள். அந்த ஊரை அந்த நிமிஷமே எனக்குப் பிடித்துவிட்டது.

மொழிதான் பாடாய்ப் படுத்தியது. டச்சில் உயரத்துக்கும் காலத்துக்கும் ஒரே சொல், 'லாங்'. எவ்வளவு லாங் என்றால் எவ்வளவு உயரம் என்றும் அர்த்தம், எவ்வளவு நாளாக என்றும் அர்த்தம். வெளிநாட்டார் பதிவு செய்யும் அலுவலகத்தில், "இங்கே எவ்வளவு லாங்?" என்று கேட்டார் ஒரு அம்மாள். எல்லாரும் கேட்கிற கேள்விதானே என்று, "இரண்டு மீட்டர் எட்டு" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "வெளியே எவ்வளவு லாங்?" என்று திருப்பிக் கேட்டார். அன்றைக்கு அந்த அலுவலகமே சிரித்தது. இப்போதும் தெருவில் பார்த்தால் அவர் கேட்பது அதுதான்.

4

ஏழடிக்காரர்களின் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

எங்கள் குழுவில் ரே என்று ஒரு அமெரிக்கர் இருந்தார். என்னைவிட மூன்று அங்குலம் உயரம். என் மனைவி ஊரிலிருந்து வந்து சேரும்வரை இரண்டு வருஷம் ஒரே வீட்டில் தங்கியிருந்தோம். கட்டில் இருவருக்கும் போதாது என்பதால், மெத்தைகளைத் தரையில் போட்டு, கால்மாட்டில் நாற்காலிக் குஷன்களை வைத்துக்கொள்வோம். இத்தாலி, பெல்ஜியம் என்று ஆடிவிட்டு எங்கள் ஊருக்கு வந்திருந்தார். ஒவ்வொரு ஊரிலும் ஒன்றோ இரண்டோ சீசன். முழங்கால் தாங்கும்வரை கூப்பிடுவார்கள். தாங்காத வருஷம் கடிதம் வராது. எங்களைப் போன்றவர்களுக்கு அவ்வளவுதான் தொழில்.

நான் வலையடியில் நின்று எதிராளியை மறிப்பேன், விழுகிற பந்தைப் பறிப்பேன். ஓட்டத்தில் மட்டம். ரே அப்படியில்லை. இரண்டு கையாலும் போடுவார். அப்பேர்ப்பட்ட ஆட்டக்காரர் ஒருநாள் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே, "எனக்கு இந்த ஆட்டம் பிடிக்கவே பிடிக்காது" என்றார்.

"பிறகு ஏன் ஆடுறே?"

"பதிமூன்று வயதில் ஒருத்தர் வந்து பந்தைக் கையில் கொடுத்தார். அதற்கப்புறம் வேறு எதையும் கையில் கொடுக்க யாரும் வரவில்லை."

அவருக்குப் பிடித்த வேலை முடி வெட்டுவது. குழு முழுக்க அவரிடம்தான் தலையைக் கொடுப்போம். எழுபத்தெட்டில் அவர் முழங்கால் போனது. ஊருக்குத் திரும்பி முடிதிருத்தும் கடை வைத்தார். வருஷாவருஷம் வாழ்த்து அட்டை வரும். கடையில் நிற்கிற படமும் கூடவே வரும். ஆட்டத்தில் நான் ஒருநாளும் பார்க்காத சிரிப்பு அதில் இருக்கும்.

என் முழங்கால் எண்பதாம் வருஷம் வரை தாங்கியது. அதற்குப் பிறகு குழு என்னை விட்டுவிடவில்லை. ஊர் விளையாட்டரங்கைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கொடுத்தார்கள். காலையில் கதவைத் திறப்பேன், தரையைத் துடைப்பேன், விளக்கு மாற்றுவேன். சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து பிடிக்கச் சொல்லிக் கொடுப்பேன். குளிர் காலத்தில் படி இறங்கும்போது கால் வலிக்கும். மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் மலர் விஷயம் வேறு. அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் எடுத்த வகுப்புப் புகைப்படத்தைக் கொண்டுவந்தாள். கடைசி வரிசையில் முழங்காலை மடக்கி, தோளைச் சுருக்கி, பக்கத்துப் பெண்ணின் உயரத்துக்குத் தன்னை இறக்கிக்கொண்டு நின்றிருந்தாள். ஏலத்தோட்டத்தில் நான் மடங்கி உட்கார்ந்தது போலவே இருந்தது. என்னை அண்ணாந்து பார்த்தவர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்த்தார்கள். இவளைச் சும்மா பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். அவளுக்குப் பந்தும் பிடிக்காது. பார்க்கிற ஆள் ஒவ்வொருவரும் "கூடைப்பந்து ஆடுவியா?" என்று கேட்பார்கள். குள்ளமானவர்கள் கேட்டால், "நீங்கள் குதிரைப் பந்தயத்தில் ஓட்டுவீர்களா?" என்று திருப்பிக் கேட்பாள். பந்தயக் குதிரை ஓட்டுகிறவர்கள் குள்ளமாகத்தான் இருப்பார்கள். அவளுக்குப் பிடித்தது கால்வாய்ப் பாலங்கள். கப்பல் வரும்போது பாலம் இரண்டாகப் பிளந்து மேலே தூக்கிக்கொள்ளும் அல்லவா, அதைப் பார்க்கப் பள்ளி விட்டதும் ஓடிவிடுவாள். பாலம் இயக்குகிற ஆளோடு மணிக்கணக்கில் பேசிக்கொண்டு நிற்பாள். எங்களோடு பேசுவது குறைந்துகொண்டே வந்தது. பேசினாலும் நாங்கள் தமிழில் கேட்பதற்கு டச்சில் பதில் வரும்.

அதனால்தான் கையெழுத்துப் போட்டேன். அவளுக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்துத்தான் போட்டேன்.

5

என் மனைவி பவுன்தாய் போடிக்குப் பக்கத்தில் தேவாரம் என்ற ஊர்க்காரி. என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். ஐந்தடிக்கு ஒரு அங்குலம் கூட. கேக் செய்யும் பேக்கரி ஒன்றில் வேலை பார்க்கிறாள். அன்று வேலை முடிந்து வந்தவள், மேஜைமேல் இருந்த படிவத்தை எடுத்தாள்.

"என்ன மாமா இது?"

"மாத்திரைக்குச் சம்மதம். டாக்டர் கொடுத்தாரு."

"யாருக்கு நோவு?"

"நோவு யாருக்கும் இல்ல."

"நோவு இல்லாதவளுக்கு எதுக்கு மாத்திரை?"

விளக்கிச் சொன்னேன். அவள் சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். பிறகு படிவத்தை நாலாக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"கொண்டா பவுனு அதை. நாளைக்கு அவளுக்கு ஒரு மாப்ளே பாக்க வேண்டாமா? ஆறடி நாலு அங்குலத்துக்கு எங்க போயி மாப்ளே தேடுறது?"

"என்னைய நீங்க கட்டலையா? தேவாரத்துல அம்புட்டுப் பேரும் சிரிச்சாக. ஏணி வச்சுத்தான் தாலி கட்டணும்னாக. கட்டலையா நீங்க?"

"நான் ஆம்பள."

"ஆம்பளன்னா எலும்பு வேறயா?"

கல்யாணமாகிப் பதிமூன்று வருஷத்தில் அதுவரை கேட்காத ஒன்றை அப்போதுதான் கேட்டேன்.

"அம்புட்டுப் பேரும் சிரிச்சப்போ, நீ ஏன் சரின்னு சொன்னே?"

அவள் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே சொன்னாள்.

"எங்க காட்டுல ஆனை எறங்கும், தெரியுமில்ல? சோளம் வெளஞ்சு நின்னா உள்ள ஆளு இருக்குறதே தெரியாது. எங்கய்யா உள்ள இருக்காரா, வெளிய வந்துட்டாரான்னு வரப்புல நின்னு கத்திக்கிட்டே இருப்பேன். நீங்க பொண்ணு பாக்க வந்தப்போ நெனச்சேன், இந்த ஆளு எம்புட்டு வெளஞ்ச சோளத்துக்குள்ள நின்னாலும் தலை தெரியும். தேட வேண்டியதில்ல. அம்புட்டுத்தான் மாமா."

மாடிப்படியில் சத்தம் கேட்டது. மலர் இறங்கி வந்தாள். ரொட்டியில் பாலாடைக்கட்டியை வைத்துக்கொண்டாள். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். தட்டோடு மேலே போய்விட்டாள்.

அந்த மூன்று வாரமும் வீட்டில் சண்டைதான். பெரிய சண்டை இல்லை. குழம்பு ஊற்றும்போது ஒரு வார்த்தை, கதவு சாத்தும்போது ஒரு வார்த்தை. இருவரும் மலருக்காகத்தான் பேசினோம். மலர் மட்டும் பேசவில்லை.

6

மூன்று வாரம் கழித்து மூவரும் டாக்டரிடம் போனோம். முதலில் நர்ஸ் உயரம் அளந்தார். சுவரோரம் நிற்கச் சொல்லி, பலகையைத் தலைமேல் இறக்கி, எண்ணை எழுதினார். எழுதியவர் பழைய எண்ணைப் பார்த்துத் திகைத்துப்போய் டாக்டரைக் கூப்பிட்டார்.

"மூன்று வாரத்தில் இரண்டு சென்டிமீட்டர்!"

டாக்டர் தானே வந்து மறுபடி அளந்தார். ஒரு மீட்டர் எழுபத்தொன்பது. அவர் பலகையைக் கையில் பிடித்தபடியே மலரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வளரவில்லை. போன முறை குனிந்து நின்றிருக்கிறாள். இன்றைக்குத்தான் நேராக நிற்கிறாள்" என்றார்.

மலர் சுவரை விட்டு நகரவில்லை. அங்கே நின்றபடியே டச்சில் கேட்டாள். "மாத்திரை சாப்பிட்டால் எவ்வளவு குறையும்?"

டாக்டர் என் பக்கம் திரும்பப் போனவர், அவள் பக்கமே திரும்பினார். "நாலு அல்லது ஐந்து சென்டிமீட்டர் குறையலாம். உறுதியாகச் சொல்ல முடியாது."

"சாப்பிடும்போது உடம்புக்கு என்ன ஆகும்?"

"குமட்டல் வரலாம். எடை கூடலாம். கால் வலிக்கலாம். எல்லாருக்கும் வரும் என்றில்லை."

சுவரில் இருந்த அளவுகோலில் ஐந்து சென்டிமீட்டர் எவ்வளவு என்று பார்த்தாள். அதன்மேல் விரல்களை வைத்தாள். ஒரு விரல், இரண்டு, மூன்று. மூன்று விரலில் அது மறைந்துவிட்டது. கையை எடுத்து அந்த மூன்று விரலையும் எங்களுக்குக் காட்டினாள்.

"இவ்வளவுக்கா அம்மாவும் அப்பாவும் மூன்று வாரம் சண்டை போட்டார்கள்?" என்று டாக்டரிடம் கேட்டாள். பிறகு, இன்னொரு காப்பி வேண்டுமா என்று கேட்டால் மறுப்பதைப்போல, "வேண்டாம், நன்றி" என்றாள்.

பவுனுக்கு டச்சு முழுக்கப் புரியும். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கையெழுத்துப் போட்ட படிவம் அவள் கைப்பையில்தான் இருந்தது. டாக்டர் கேட்கவில்லை, நாங்களும் கொடுக்கவில்லை. மலருக்கு மட்டும் அவர் கை கொடுத்து அனுப்பினார்.

வெளியே வந்து கால்வாய் ஓரமாக நடந்தோம். காற்று பலமாக இருந்ததால் பவுன் முக்காடு போட்டுக்கொண்டு முன்னால் போனாள். எனக்கு மனசு லேசாகியிருந்தது, வெட்கமாகவும் இருந்தது. ரேயிடம் அந்த வயதில் யாராவது ஒருவர் உனக்கு எது பிடிக்கும் என்று கேட்டிருந்தால் அவர் என்ன ஆகியிருப்பார் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

"ஆத்தா, உனக்கு வேண்டாம்னு மொதல்லயே தெரியுமா?" என்று கேட்டேன்.

"அன்னைக்கே தெரியும்." அவள் பேசும் தமிழ் அப்படியே தேவாரத்துத் தமிழ், ராகம் மட்டும்தான் டச்சு.

"பெறகு ஏந்தாயி மூணு வாரமா ஒரு வார்த்த சொல்லல?"

"யாரும் என்னையக் கேக்கலையே அப்பா."

முன்னால் போய்க்கொண்டிருந்த பவுன் நின்றுவிட்டாள். திரும்பி என்னைப் பார்த்தாள். சண்டையில் ஜெயித்தது அவள்தான் என்றாலும், அவளும் கேட்கவில்லை. அது அவள் முகத்தில் தெரிந்தது.

அன்றிலிருந்து எல்லாவற்றையும் மலரிடம் கேட்கிறோம். பதில் பெரும்பாலும் டச்சில்தான் வருகிறது.